‘என்ன இருக்கு?’

தேனி மாவட்டத்துக் கடமலைக்குண்டில் ஹோட்டலில் போய் உட்கார்ந்தால் யாரும் கையில் மெனு அட்டை தருவதில்லை. இலையைப் போட்டுத் தண்ணீர் வைத்துவிட்டு சப்ளையர் பக்கத்தில் நிற்பார். “என்னண்ணே இருக்கு?” என்று கேட்க வேண்டியதுதான். காலையென்றால் “இட்லி, பொங்கல், பூரி, வடை, தோசை, ரோஸ்ட், ஊத்தப்பம்”. ராத்திரியென்றால் “புரோட்டா, வீச்சு, முட்டை வீச்சு, கொத்து, கறிதோசை, ஈரல், குடல், சுக்கா, ஆம்லெட், ஆப்பாயில், கலக்கி”. எல்லாம் ஒரே மூச்சில் வரும். புரோட்டாதான் தின்பது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்தவர்கூட முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் “ரெண்டு புரோட்டா” என்பார்.

கொஞ்சம் காது கொடுத்தால் அந்த ஒப்பிப்பில் ஒரு கணக்கு இருப்பது தெரியும். விற்றுத் தீர வேண்டிய சரக்கு முன்னால் வரும். தீர்ந்துபோனது பேச்சில்லாமல் உதிர்ந்துவிடும். எட்டு மணிக்குக் கேட்ட வரிசை ஒன்பதரைக்குக் கிடைக்காது. எந்த அச்சகத்தாலும் முடியாத வேலை இது. ஆனால் சொல்லி முடித்ததும் காற்றோடு போய்விடும். பழைய ஹோட்டல் மெனுக்களைச் சேர்ப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வருசநாட்டுச் சாலையில் இறங்கினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

மெனு என்பது பிரெஞ்சுச் சொல். ‘சிறியது’, ‘நுணுக்கமானது’ என்று பொருள். லத்தீனில் அதற்கு மூலம் ‘மினூட்டுஸ்’. ஒரு மணி நேரத்தைச் சின்னதாக வெட்டிய துண்டு ‘மினிட்’ ஆனது. கூட்டத்தில் பேசியதைச் சிறு குறிப்பாக எழுதியது ‘மினிட்ஸ்’ ஆனது. விருந்தின் ஒவ்வொரு பண்டத்தையும் விவரமாக எழுதியது ‘மெனு’ ஆனது. ஆக, நம் கடமலை–மயிலை ஒன்றியத்து ஊராட்சிகளில் கையெழுத்துக்குக் காத்திருக்கும் மினிட் நோட்டும் நட்சத்திர ஹோட்டலின் தோலட்டை மெனுவும் பங்காளிகள். மெனு எழுதிய தாளுக்கு பிரெஞ்சில் ‘கார்ட்’. அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் நம் வீட்டு ரேஷன் கார்டு.

சொல்லைவிட அது குறித்த பொருள்தான் முக்கியம். பாரிஸில் 1760களில் ‘ரெஸ்டாரண்ட்’ என்ற பெயரில் கடைகள் தோன்றின. அப்போது ரெஸ்டாரண்ட் என்றால் கடை இல்லை, உடம்பைத் தேற்றும் ஒருவகைக் கறிச்சாறு. சாற்றின் பெயர் அது விற்ற கடைக்கு ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்பு சத்திரங்களில் எல்லோரும் ஒரே மேசையில், குறித்த நேரத்தில், வைத்ததைத் தின்றார்கள். புதுக் கடையில் தனி மேசையும், பண்டத்துக்குப் பக்கத்தில் விலை போட்ட தாளும் வந்தன. தின்பவன் கையில் பட்டியலைக் கொடுத்து ‘நீயே தேர்ந்துகொள்’ என்று சொன்னதுதான் புதுமை.

சாப்பாட்டுப் பட்டியல் நமக்குப் புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அரிசி, நெய், பருப்பு, உப்பு, மிளகு, கடுகு, சீரகம், புளி, தயிர், வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு வரை அளவோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் கறியமுது, நெய்யமுது, தயிரமுது, கடைசியில் அடைக்காயமுது என்று ஒரு பந்தியின் வரிசையே கிடைக்கும். நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று ஒன்றும் விடுபடாது. உலகத்தின் மிகக் கனமான மெனு இதுவாகத்தான் இருக்க வேண்டும். யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. இன்னின்ன பூசைக்கு இன்னின்ன படி என்று விதித்த அளவுக்குக் கோயில்களில் ‘படித்தரம்’ என்று பெயர். இன்றும் மடப்பள்ளியில் அந்தச் சொல் புழங்குகிறது.

கல்யாண வீட்டில் சமையல்காரர் சொல்லச் சொல்ல எழுதுவது ‘ஜாபிதா’. அரபிச் சொல், அங்கே அதற்கு விதி, ஒழுங்கு என்று பொருள். நவாபு காலத்துக் கச்சேரிக் கணக்குகளோடு தமிழுக்குள் வந்து, சாமான் பட்டியலாகி, இப்போது பெரியவர்கள் வாயில் மட்டும் மிச்சமிருக்கிறது. மளிகைக் கடைக்குப் போகும்போது அதுவே ‘சிட்டை’. படித்தரம், ஜாபிதா, சிட்டை மூன்றும் படைப்பவருக்கும் சமைப்பவருக்கும் கணக்கெழுதுபவருக்கும் உரியவை. தின்பவரிடம் ஒன்றையும் காட்டியதில்லை. பந்தியில் உட்கார்ந்தவர் இலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். ‘எனக்கு இது வேண்டாம், அது கொண்டு வா’ என்பது விருந்தில் மரியாதையும் இல்லை.

இந்தப் பழக்கத்துக்குள்தான் காசு கொடுத்துத் தின்னும் கடை வந்தது. அதை என்னவென்று அழைப்பது என்று நம்மவர்கள் திண்டாடியிருக்கிறார்கள். உறுப்பினர் சங்கத்துக்குரிய ‘கிளப்’ காபி கிளப் ஆகி, நம் பக்கத்துக் கிழவிகள் வாயில் ‘கிளப்புக் கடை’ ஆனது. ‘மெஸ்’ பட்டாளத்திலிருந்து வந்தது. அதன் பிரெஞ்சு மூலத்துக்கு மேசையில் வைத்த பண்டம் என்றுதான் பொருள். ‘விலாசம்’ என்றால் நமக்கு முகவரி. அதன் வாலை வெட்டி ‘விலாஸ்’ ஆக்கி, திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் முனியாண்டி சாமி பேரோடு சேர்த்து ஊரூராகக் கறிச்சோறு போட்டார்கள்.

கடை வந்தது, போர்டு வந்தது. போர்டில் என்ன எழுதினார்கள் என்பதுதான் வேடிக்கை. பல கடைகளில் என்ன கிடைக்கும் என்பதற்கு முன்னால் ‘பிராமணாள்’ என்று எழுதினார்கள். சமைத்தவர் யார், எங்கே யார் உட்காரலாம் என்பதே முதல் சேதி. அந்த எழுத்தை எடுக்கச் சொல்லி 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். தமிழ்நாட்டு ஹோட்டல் தாள்களையும் பலகைகளையும் யாராவது சேர்த்து வைப்பதென்றால் முதலில் கண்ணாடிக்குள் வைக்க வேண்டியது அந்தப் பெயர்ப்பலகைகளில் ஒன்றைத்தான்.

சேர்ப்பதென்றால் எப்படிச் சேர்க்க வேண்டும் என்று காட்டியவர் நியூயார்க்கின் ஃபிராங்க் பட்டால்ஃப். பெயரைப் பார்த்து ஆண் என்று நினைக்க வேண்டாம், அம்மையார். 1900 வாக்கில் நகரப் பொது நூலகத்துக்காகத் தொடங்கி, 1924இல் இறப்பதற்குள் ஹோட்டல்களுக்கும் கப்பல் கம்பெனிகளுக்கும் எழுதி எழுதி, ஏறத்தாழ 25,000 மெனுக்களைச் சேர்த்தார். ஆசைக்காகச் சேர்த்ததல்ல, பின்னால் வரலாறு எழுதுபவர்களுக்கு உதவும் என்று சேர்த்தது. எந்த மீன் எந்த ஆண்டு மேசைக்கு வந்தது, எப்போது காணாமல் போனது என்று இன்றைக்கு ஆராய்கிறவர்கள் அந்தக் கட்டுகளைத்தான் புரட்டுகிறார்கள்.

நமக்கு அப்படி ஒருவர் இல்லாததன் விலை என்ன என்பதற்கு சிக்கன் 65 போதும். சாயங்காலமானால் நம் ஊர்த் தள்ளுவண்டியில்கூடச் சிவக்கச் சிவக்கப் பொரிகிறது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1951இல் தொடங்கிய புகாரி ஹோட்டல், 1965இல் தாங்கள் செய்தது, அதனால்தான் அந்தப் பெயர் என்கிறது. இன்னொரு கதை, மெனு அட்டையில் அது 65ஆவது வரிசையில் இருந்தது, மொழி தெரியாத பட்டாளத்துக்காரர்கள் எண்ணைச் சொல்லிக் கேட்டார்கள் என்கிறது. கோழியை 65 துண்டு போட்டார்கள், 65 மிளகாய் போட்டார்கள் என்பதெல்லாம் டீக்கடைக் கதை. என்னைக் கேட்டால் ஆண்டுக் கணக்குதான் நம்பும்படி இருக்கிறது. பின்னாளில் அங்கேயே சிக்கன் 78, 82, 90 என்று வந்திருப்பதும் அதற்குத்தான் ஒத்து வருகிறது. ஆனால் வழக்கைத் தீர்க்கத் தேவை 1965ஐ ஒட்டிய, தேதி போட்ட ஒரே ஓர் அட்டை.

சரி, நம் ஊரில் எழுத்தில் இருக்கும் மெனு எது? அரசுத் தொடக்கப்பள்ளிகளின் காலை உணவுப் பட்டியல்தான். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம், மறு ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. தொடங்கியபோது செவ்வாய்க்கிழமை கிச்சடி, புதன்கிழமை பொங்கல். கிழமைக்கு ஒன்று, தலைக்கு இன்ன அளவு என்று விதித்த இதற்கு நியாயமாகப் பார்த்தால் மெனு என்று பெயர் சொல்லக் கூடாது. படித்தரம்தான் சரியான சொல். ஒரே வித்தியாசம், தின்னும் பிள்ளையும் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஹோட்டல்களில் இருப்பது கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் விலைப்பட்டியல் பலகை. பண்டத்தின் பெயர் பெயிண்டில் நிற்கும். விலை மட்டும் ஒட்டுத்தாளில் ஏறிக்கொண்டே போகும். ஒரு மூலையை நகத்தால் உரித்தால் கீழே பழைய விலை, அதன் கீழே இன்னும் பழையது. புரோட்டா, பரோட்டா, பொரோட்டா, பூரோட்டா என்று ஒரே தெருவில் நாலு எழுத்து பார்க்கலாம். சால்னாவை மட்டும் எல்லோரும் சரியாக எழுதுகிறார்கள், அது உருதுவின் ‘சாலன்’ என்பது தெரியாமலே. பலகையின் அடியில் பெயிண்டர் தன் பெயரைப் போட்டிருப்பார், தேதி போட்டிருக்க மாட்டார். நகரத்து ஹோட்டல்களில் இப்போது மேசையில் ஒட்டிய கட்டத்தை செல்போனால் ஸ்கேன் செய்தால் மெனு வருகிறது. அங்கே விலை மாறினால் அடியில் பழைய தாளும் இருக்காது. நம் பக்கத்தில் இலவம் பஞ்சு மூட்டை ஏற்றப் போகிறவர்கள், சாப்பிட்டுக் கை கழுவியதும் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பலகையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பெயிண்டர் போடாத தேதியை செல்போன் போட்டுக்கொள்ளும்.