மார்கரிட்டா: டெக்கிலாவும் எலுமிச்சையும்

மார்கரிட்டா என்பது மெக்சிகோவின் டெக்கிலா, ஆரஞ்சுத்தோல் மணமேற்றிய இனிப்பு மது, எலுமிச்சைச் சாறு ஆகிய மூன்றையும் பனிக்கட்டியோடு குலுக்கி, விளிம்பில் உப்பு ஒற்றிய கோப்பையில் வடித்துத் தரும் காக்டெயில். டெக்கிலா சேர்ந்த கலவைகளில் உலகம் முழுக்கப் பெயர் தெரிந்தது இதுதான். பிறந்த ஊர் எது, கலந்தவர் யார் என்று கேட்டால் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டாத அரை டஜன் பதில்கள் கிடைக்கும்.

உரிமை கொண்டாடியவர்களின் வரிசை நீளம். டிஹுவானாவிலிருந்து ரொசாரிட்டோ செல்லும் சாலையில் ராஞ்சோ லா குளோரியா என்ற உணவகம் நடத்திய கார்லோஸ் ‘டேனி’ எர்ரேரா, 1938 வாக்கில் மார்ஜரி கிங் என்ற நடிகைக்காக இதைக் கலந்ததாகச் சொல்லிவந்தார். டெக்கிலா தவிர வேறு மது அந்த அம்மாளுக்கு ஒத்துக்கொள்ளாதாம். அதையும் வெறுமனே குடிக்கப் பிடிக்காதாம். அமெரிக்க எல்லையை ஒட்டிய ஹுவாரெஸ் நகரத்து பார் ஊழியர் பாஞ்சோ மொராலெஸ் சொன்ன கதை வேறு. 1942 ஜூலை 4 அன்று ஒரு பெண் கேட்ட பானத்தின் செய்முறை மறந்துபோய், கைக்கு வந்ததைக் கலந்து சமாளித்தாராம். டெக்சாஸ் செல்வந்தக் குடும்பத்து மார்கரிட்டா சேம்ஸ், 1948 கிறிஸ்துமஸ் சமயத்தில் அகபுல்கோவில் தன் வீட்டு விருந்தில்தான் இது பிறந்தது என்றார். மார்கரிட்டா கான்சினோ என்ற இயற்பெயர் கொண்ட ஹாலிவுட் நடிகை ரீட்டா ஹேவொர்த்தையும் இதில் இழுத்துவிடுபவர்கள் உண்டு. ஏறக்குறைய எல்லாக் கதையிலும் ஒரு பெண் வந்துவிடுகிறாள். சந்தேகப்பட இதுவே போதுமான காரணம்.

அச்சில் வந்த சான்று, இவற்றில் ஆண்டு சொல்லும் கதைகள் எல்லாவற்றுக்கும் முந்தியது. லண்டனில் 1937இல் வெளியான ‘கஃபே ராயல் காக்டெயில் புக்’ என்ற நூலில் வில்லியம் டார்லிங், ‘பிக்கடோர்’ என்ற பெயரில் ஒரு கலவை தருகிறார். டெக்கிலா பாதி, குவான்ட்ரோ என்ற ஆரஞ்சு மது கால், எலுமிச்சைச் சாறு கால். உப்பு விளிம்பைத் தவிர இது மார்கரிட்டாவேதான்.

அதற்கும் ஓராண்டு முன்பு, அயோவா மாநிலத்துச் சிற்றூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஜேம்ஸ் கிரகாம், டிஹுவானா போய்வந்து ‘டெக்கிலா டெய்சி’ பற்றி எழுதியிருந்தார். டெய்சி என்பது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மதுக்கூடங்களின் பழைய பானக் குடும்பம்: ஏதாவதொரு காட்டமான மது, புளிப்புச் சாறு, இனிப்பு மது, மேலே கொஞ்சம் சோடா. அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பிலிருந்த 1920 முதல் 1933 வரை தாகத்தோடு எல்லை தாண்டியவர்களுக்கு, தெரிந்த கலவையில் உள்ளூர் மதுவை ஊற்றிக் கொடுப்பது இயல்பான வியாபாரம். டெய்சிப் பூவுக்கு ஸ்பானிய மொழியில் மார்கரிட்டா என்றே பெயர். பிராந்தியும் குவான்ட்ரோவும் எலுமிச்சையும் சேர்ந்த ‘சைடுகார்’ 1920களிலேயே பெயர்பெற்றிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு தனி மனிதரின் மூளையில் திடீரென உதித்த பானமாக இதை எண்ண முடியவில்லை.

மார்கரிட்டா என்ற பெயரோடு அதை அமெரிக்க வாசகர்களிடம் பரவலாகக் கொண்டுசேர்த்தது ‘எஸ்குயர்’ இதழின் 1953 டிசம்பர் வெளியீடு. அதில் ஆரஞ்சு மது சில துளிகளே. புளிப்பு தூக்கலாக, வறண்ட சுவையோடு இருந்திருக்கும். அடுத்த 20 ஆண்டுகளில் பானம் இனிப்பின் பக்கம் சரிந்தது. பெருமளவில் தயாரித்து விற்கவேண்டிய கட்டாயம் அதை அங்கே தள்ளியது.

அந்தத் திருப்பம் நிகழ்ந்த இடம் டாலஸ். 1971இல் மரியானோ மார்டினெஸ் அங்கே மெக்சிகோ உணவகம் திறந்தார். அரைத்த பனிக்கட்டியோடு மிக்சியில் அடித்துத் தரும் மார்கரிட்டாவைக் கூட்டம் மொய்த்தது. ஒவ்வொன்றாக அடித்துக்கொடுத்த பார் ஊழியர்கள் சலித்துப்போனார்கள். சுவையும் கோப்பைக்குக் கோப்பை மாறியது. செவன்-இலெவன் கடையில் பனிச்சர்பத் ஊற்றும் ஸ்லர்ப்பி இயந்திரத்தைப் பார்த்த மார்டினெசுக்கு வழி புலப்பட்டது. பழைய ஐஸ்கிரீம் இயந்திரம் ஒன்றை வாங்கி மாற்றியமைத்தார். மதுசாரம் அவ்வளவு எளிதில் உறையாது. சர்க்கரை, நீர், டெக்கிலா மூன்றின் அளவும் பொருந்தினால்தான் கலவை கல்லாகாமலும் தண்ணீராகாமலும் குழைந்து விழும். 1971 மே 11 அன்று அது ஓடத் தொடங்கியது. அவர் காப்புரிமை பெறவில்லை. நாடெங்கும் நகல்கள் முளைத்தன. மூல இயந்திரம் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜிம்மி பஃபெட்டின் ‘மார்கரிட்டாவில்’ பாடல் 1977இல் வந்து மிச்ச விளம்பரத்தையும் செய்துவிட்டது. பல மதுக்கூடங்களில் பழச்சாறு இருந்த இடத்துக்குப் புட்டியில் அடைத்த பச்சை நிறப் புளிப்பு-இனிப்புக் கலவை வந்தது. மார்கரிட்டாவின் மோசமான காலம் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

மீட்பு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்தது. ஜூலியோ பெர்மேஹோ, தம் பெற்றோரின் ‘டாமிஸ்’ உணவகத்தில் ஆரஞ்சு மதுவையே நீக்கிவிட்டு, முழுக்க அகாவே என்ற செடியிலிருந்து வடித்த டெக்கிலா, அன்றைக்குப் பிழிந்த எலுமிச்சை, அகாவேப் பாகு என்று மூன்றோடு நிறுத்தினார். ‘டாமிஸ் மார்கரிட்டா’ இன்று சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில் தனி இடம் பெற்றிருக்கிறது.

அகாவே, தமிழ்நாட்டில் ரயில் கற்றாழை என்று அறியப்படும் செடியின் இனம். டெக்கிலாவுக்கு அதில் நீல வகை மட்டுமே ஆகும். அதுவும் ஹலிஸ்கோ மாநிலத்திலும், வேறு நான்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும் தயாரானால்தான் அந்தப் பெயர். செடி முதிரப் பல ஆண்டுகள் பிடிக்கும். மெக்சிகோ சட்டப்படி 51% அகாவேச் சர்க்கரை இருந்தாலே டெக்கிலா என்று விற்கலாம். மீதி கரும்புச் சர்க்கரையாக இருக்கலாம். வீட்டில் கலப்பவர் புட்டியில் ‘100% அகாவே’ என்ற வாசகத்தைத் தேடவேண்டியது இதனால்தான். மரப்பீப்பாயில் ஊறாத பிளாங்கோ வகை, எலுமிச்சையோடு நன்றாகச் சேரும்.

எலுமிச்சை விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரருக்குக் கவலை வேண்டாம். புளியங்குடிச் சந்தையில் மூட்டை மூட்டையாக ஏலம் போகும் மெல்லிய தோல் எலுமிச்சையும் மெக்சிகோக்காரர் ‘லிமோன்’ என்று பிழிகிற சிறு காயும் ஒரே இனம். ஆசியாவில் தோன்றிய அதை அங்கே கொண்டுபோனவர்கள் ஸ்பானியர்கள். அமெரிக்கக் கடைகளில் அதிகம் கிடைப்பது விதையற்ற, பருத்த பாரசீக வகை.

அளவைப் பொறுத்தவரை, சர்வதேசச் சங்கம் 50 மி.லி. டெக்கிலா, 20 மி.லி. ஆரஞ்சு மது, 15 மி.லி. சாறு என்கிறது. வீட்டில் கலக்கும் பலர் 60, 30, 30 என்று போகிறார்கள். 1937இல் டார்லிங் கொடுத்த விகிதமும் இதுவே. குவான்ட்ரோவில் சர்க்கரை ஏறக்குறையக் கால் பங்கு. எலுமிச்சைச் சாற்றில் அமிலம் சுமார் 6%. பழம் கடும் புளிப்பாக இருந்தால் ஒரு சிறு தேக்கரண்டி பாகு சேர்த்தால் போதும். புளிப்பும் இனிப்பும் காட்டத்தை மறைத்துவிடுவதால் கவனமும் தேவை: 60, 30, 30 கலவையில் குவான்ட்ரோவும் டெக்கிலாவும் 40% என்று வைத்துக்கொண்டால், ஒரே கோப்பையில் 36 மி.லி. தூய மதுசாரம் இருக்கிறது.

சாறு பிழிந்த சில மணி நேரத்திலேயே மணம் மாறத் தொடங்கும். ஆகவே கலக்கும்போதே பிழிவது நல்லது. பெரிய பனிக்கட்டிகளோடு 12 முதல் 15 விநாடி பலமாகக் குலுக்கினால் குளிர்ச்சியோடு தேவையான நீரும் சேரும். உப்பு நாவில் கசப்பைத் தணிக்கும்; கல்லுப்பைப் பொடித்து, கோப்பையின் வெளி விளிம்பில் பாதிச் சுற்று மட்டும் ஒற்றினால், வேண்டாதவர் மறுபக்கம் உதடு வைக்கலாம். மிக்சியில் பனிக்கட்டியோடு அடிப்பதானால் பாகைச் சற்றுக் கூட்டவேண்டும். கடுங்குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும்.