சாண்டர்ஸ், சிசிலி (1918–2005)

இங்கிலாந்து மருத்துவர், வலி ஆய்வாளர். குணப்படுத்த முடியாத நோயோடு கடைசி மாதங்களைக் கழிப்பவர்களின் வலியை முறையாக ஆராய்ந்து, இன்று பேலியேட்டிவ் கேர் என்றும் நோய் ஆதரவுச் சிகிச்சை என்றும் வழங்கும் துறைக்கு அடித்தளம் இட்டவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய கருணையையே போற்றுகிறார்கள். கருணை நிறையவே இருந்தது. ஆனால் சாகும் தறுவாயில் இருப்பவர்களிடம் கருணை காட்டிய கன்னியர் இல்லங்கள் அவருக்கு முன்பே பல இருந்தன. மருத்துவ உலகம் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாண்டர்ஸ் பேசியபோது அது காது கொடுத்தது என்றால், அவர் கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகள் இருந்ததே காரணம்.

லண்டனை ஒட்டிய பார்னெட்டில் 1918 ஜூன் 22 அன்று வசதியான குடும்பத்தில் பிறந்தார். 1938இல் ஆக்ஸ்ஃபோர்டில் அரசியலும் தத்துவமும் பொருளாதாரமும் படிக்கச் சேர்ந்தார். போர் மூண்டதும் படிப்பைப் பாதியில் விட்டு, 1940இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் நைட்டிங்கேல் பள்ளியில் செவிலியர் பயிற்சிக்குப் போனார். பயிற்சியை முடித்தாலும், ஓயாத முதுகுவலி வார்டு வேலைக்கு இடம் கொடுக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு திரும்பிப் பட்டம் பெற்று, 1947இல் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகத் தகுதி பெற்றார்.

அந்த ஆண்டில்தான் டேவிட் டாஸ்மாவைச் சந்தித்தார். வார்சாவிலிருந்து வந்த போலந்து யூதர். லண்டனில் உணவக ஊழியராக வேலை பார்த்தவர். அறுவைச் சிகிச்சையால் தீராத புற்றுநோய். உறவென்று சொல்லிக்கொள்ள அந்த ஊரில் அவருக்கு யாரும் இல்லை. சாண்டர்ஸ் அடிக்கடி போய்ப் பார்த்தார். இந்த இரைச்சல் மிகுந்த வார்டைவிட, சாகப்போகும் மனிதனுக்கு ஏற்ற இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதே இருவரின் பேச்சாக இருந்தது. 1948 பிப்ரவரியில் இறந்த டாஸ்மா, தான் சேர்த்து வைத்திருந்த 500 பவுனை, சாண்டர்ஸ் கட்டப்போகும் இல்லத்தில் ஒரு ஜன்னலாகத் தான் இருப்பதற்கென்று எழுதி வைத்துவிட்டுப் போனார். இல்லம் எழுந்தது அதற்கு 19 ஆண்டுகள் கழித்து.

டாஸ்மாவின் மறைவுக்குப் பிறகு, பேஸ்வாட்டரில் ஏழை நோயாளிகள் கடைசி நாட்களைக் கழித்த செயின்ட் லூக்ஸ் இல்லத்தில் தன்னார்வச் செவிலியராகச் சேர்ந்தார். அங்கே பார்த்த ஒரு வழக்கம் அவருடைய வாழ்நாள் ஆய்வுக்கு வித்தானது. அன்றைய பெரிய மருத்துவமனைகளில் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் ஊசி போடுவார்கள்; ஆனால் வலி திரும்பி வந்து, நோயாளி தாங்க முடியாமல் கேட்ட பிறகுதான். அதையும் தள்ளிப்போடுவார்கள். சீக்கிரமே கொடுத்தால் போதைக்கு அடிமையாகிவிடுவார், பிறகு மருந்து பலிக்காது என்ற அச்சம். நோயாளியோ அடுத்த ஊசிக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். செயின்ட் லூக்ஸில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி தலைதூக்கும் முன்பே, வாய்வழியாக மார்ஃபின் கொடுத்தார்கள். நோயாளிகள் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதைப் பார்த்த சாண்டர்ஸ் இரவிலும் செவிலியராகப் பணியாற்ற விரும்பினார். அறுவை மருத்துவர் நார்மன் பாரெட் தடுத்தார். சாகிறவர்களைக் கைவிடுகிறவர்கள் மருத்துவர்கள்தாம். போய் மருத்துவம் படி, இல்லாவிட்டால் உன் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். 33 வயதில் மருத்துவ மாணவியாகச் சேர்ந்து, 1957இல் மருத்துவரானார்.

அடுத்த ஆண்டே செயின்ட் மேரீஸ் மருத்துவப் பள்ளியில் பேராசிரியர் ஹரால்டு ஸ்டூவர்ட்டின் மருந்தியல் துறையில் ஆய்வு நல்கை கிடைத்தது. களம், கிழக்கு லண்டன் ஹாக்னியில் அயர்லாந்துக் கத்தோலிக்கச் சகோதரிகள் நடத்திவந்த, சாகும் தறுவாயில் இருப்பவர்களைக் கவனிக்கும் இல்லமான செயின்ட் ஜோசப்ஸ் ஹாஸ்பிஸ். அன்பான கவனிப்புக்கு அங்கே குறைவில்லை. முறையான மருத்துவக் குறிப்பேடுகள்தாம் இல்லை. சாண்டர்ஸ் ஒவ்வொரு நோயாளிக்கும் பதிவு தொடங்கினார். வலி எங்கே, எப்படிப்பட்டது, எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பிறகு என்ன ஆயிற்று என்பதையெல்லாம் எழுதித் துளையிட்ட அட்டைகளில் ஏற்றினார். நோயாளிகளின் பேச்சை அவர்கள் சொற்களிலேயே ஒலிநாடாவிலும் பிடித்து வைத்தார்.

1965 வரை ஏழாண்டுகள் நடந்த இந்த வேலையைத்தான் அவருடைய வாழ்வின் மையம் என்று சொல்ல வேண்டும். அட்டைகள் சொன்னவை அன்றைய பாடநூல் நம்பிக்கைகளுக்கு நேர் எதிரானவை. குறித்த நேரத்தில் தவறாமல் கொடுத்தால் மார்ஃபின் அளவு முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போவதில்லை. பலருக்கு வாரக்கணக்கில் ஒரே அளவே போதுமாயிருந்தது. போதை அடிமைத்தனம் அங்கே ஒரு சிக்கலாகவே எழவில்லை. வலியைப் பற்றிய பயம் நீங்கியவர்கள் மருந்தைப் பற்றியே நினைக்காமல் சாப்பிட்டார்கள், எழுதினார்கள், குடும்பத்தோடு பேசினார்கள். 1959இல் நர்சிங் டைம்ஸ் இதழில் ஒரு கட்டுரைத் தொடரும், 1963இல் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் இதழில் ஆய்வுக் கட்டுரையும் வந்தன. முதலில் செவிலியர்களுக்கும் பிறகு மருத்துவர்களுக்கும் எழுதிய அந்த வரிசையே அவருடைய அணுகுமுறையைக் காட்டுகிறது.

ஒலிநாடாக்களிலிருந்து வந்தது இன்னொரு கண்டுபிடிப்பு. வலியைப் பற்றிக் கேட்டபோது ஒரு பெண்மணி, முதுகில் தொடங்கியது, இப்போது நானே முழுவதும் சரியில்லை என்ற பொருளில் ஆரம்பித்து, கணவரும் மகனும் படும் பாடு, வேலைக்குப் போகாததால் இழக்கும் வருமானம், எல்லோரும் தனக்கு எதிராக இருப்பதான உணர்வு என்று ஒரே மூச்சில் சொல்லிப் போனார். உடல், மனம், குடும்பம், ஆன்மிகம் நான்கும் பின்னிய இந்தத் துயரை 1960களின் நடுவில் சாண்டர்ஸ் 'முழு வலி' என்று வகுத்தார். மார்ஃபின் இவற்றில் ஒன்றைத்தான் தீர்க்கும். செவிலியர், சமூகப் பணியாளர், மருத்துவர் என்ற மூன்று வேலையும் பார்த்த ஒருவருக்கே இது இயல்பாகத் தோன்றியிருக்க முடியும்.

தென்கிழக்கு லண்டன் சிடன்ஹாமில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸ் திறக்கப்பட்டது. 54 படுக்கைகள். சிகிச்சை, கற்பித்தல், ஆய்வு மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடந்த முதல் ஹாஸ்பிஸ் என்பதால் நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தின் தொடக்கம் இதிலிருந்தே கணக்கிடப்படுகிறது. 1969இல் இங்கிருந்து வீடு தேடிச் செல்லும் குழு புறப்பட்டது. மனநல மருத்துவர் காலின் மர்ரே பார்க்ஸ், இறந்தவர்களின் கணவர் மனைவியரைப் பேட்டி கண்டு ஹாஸ்பிஸையும் சுற்றுவட்டார மருத்துவமனைகளையும் ஒப்பிட்டார். 1960களின் இறுதியில் வலிக் கட்டுப்பாட்டில் ஹாஸ்பிஸ் வெகுவாக முன்னே நின்றது; பத்தாண்டு கழித்து அந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிட்டது. மற்ற மருத்துவமனைகளும் கற்றுக்கொண்டிருந்தன. சாண்டர்ஸுக்கு இதைவிட நல்ல செய்தி இருந்திருக்க முடியாது.

1971இல் ஆய்வாளராக வந்து சேர்ந்த ராபர்ட் ட்வைகிராஸ், சாண்டர்ஸின் சொந்த நம்பிக்கை ஒன்றையே சோதனைக்கு உட்படுத்தினார். ஹெராயின் என்று பொதுவாக அறியப்படும் டயாமார்ஃபின், மார்ஃபினைவிட மேலானது என்று சாண்டர்ஸ் கருதியிருந்தார். சுமார் 700 நோயாளிகள் பங்கேற்ற சோதனை முடிவு 1977இல் வந்தது: வாய்வழியாக ஒழுங்காகக் கொடுத்தால் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் மார்ஃபினுக்கு மாறியது. இது பார்வைக்குச் சிறிய முடிவு. விளைவு மிகப் பெரியது. ஹெராயினை மருந்தாகப் பயன்படுத்த உலகின் பெரும்பாலான நாடுகளில் அனுமதி இல்லை. மலிவான, சாதாரண மார்ஃபினே போதும் என்று உறுதியானதும் லண்டன் முறை எந்த நாட்டுக்கும் போகலாம் என்றாயிற்று.

போகவும் செய்தது. யேல் செவிலியர் பள்ளித் தலைவராக இருந்த ஃபுளோரன்ஸ் வால்டு அமெரிக்காவுக்கும், பால்ஃபர் மவுண்ட் கனடாவின் மாண்ட்ரியாலுக்கும் 1970களில் கொண்டுபோனார்கள். 1986இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட புற்றுநோய் வலி வழிகாட்டியின் மூன்று படிநிலை முறை, வாய்வழியாக, நேரம் தவறாமல் என்ற இரண்டு விதிகளை வலியுறுத்தியது. பேஸ்வாட்டர் இல்லத்தின் பழக்கம் உலக விதியானது. மறு ஆண்டு பிரிட்டன் நோய் ஆதரவுச் சிகிச்சையைத் தனி மருத்துவத் துறையாக ஏற்றது.

இந்தியாவில் 1986இல் மும்பையில் சாந்தி அவேத்னா சதன் தொடங்கியது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொடங்கிய அமைப்பு, ஹாஸ்பிஸ் கட்டடத்தை விட்டு ஊர்த் தன்னார்வலர்களை நம்பி வீடுகளுக்குப் போனது. ட்வைகிராஸ் அதற்குத் துணை நின்றார். உரிமம் பெற்ற விவசாயிகள் அபினி விளைவிக்கும் நாட்டில், 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் கிடைக்காமல் நோயாளிகள் துடித்ததுதான் இங்குள்ள பெருந்துயரம். 2014 திருத்தம் வழியை எளிதாக்கியது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நோய் ஆதரவுச் சிகிச்சையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. ஆனாலும் 'இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்' என்ற பேச்சு நம் மருத்துவமனைகளிலிருந்து இன்னும் மறையவில்லை. குணமாக்க முடியாத பிறகும் செய்ய நிறைய உண்டு என்பதைத்தான் சாண்டர்ஸ் தம் ஆய்வில் மெய்ப்பித்தார்.

கருணைக் கொலையைச் சட்டமாக்குவதை அவர் கடைசிவரை எதிர்த்தார். அவருடைய கிறிஸ்தவ நம்பிக்கை அதில் ஒரு காரணம். சாவைக் கேட்கிறவர்களில் பலர், வலி அடங்கியதும் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டதைக் கண்ணால் கண்டது மற்றொன்று. அவருடைய சமய நிலையை ஏற்காதவர்களும் இரண்டாவது காரணத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

1979இல் டேம் பட்டமும், 1981இல் டெம்பிள்டன் பரிசும், 1989இல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதும் பெற்றார். 1980இல் போலந்து ஓவியர் மரியன் போஹுஷ்-ஷிஷ்கோவை மணந்தார். 2005 ஜூலை 14 அன்று, தாம் நிறுவிய ஹாஸ்பிஸிலேயே மார்பகப் புற்றுநோயால் காலமானார். அவர் பெயரிலான ஆய்வு நிறுவனம் 2010இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் திறக்கப்பட்டது. ஐரீன் ஹிகின்சன் தலைமையில் அக்கல்லூரியில் உருவான அளவுகோலில் வலி மட்டுமின்றி நோயாளியின் கவலையும் குடும்பத்தாரின் கவலையும் எண்களாகப் பதிவாகின்றன. பல நாடுகளின் வார்டுகளில் இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள்.