சங்கு நிழலும் சங்கராந்தியும்: பிருகத் சம்ஹிதையின் அயனச் செய்யுள்கள் குறித்து ஒரு மறுவாசிப்பு

உத்தராயணத்தைத் தை முதல் நாளில் கொண்டாடுவது பஞ்சாங்கம் கணித்தோரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்னும் வாதம், நாட்காட்டிச் சீர்திருத்தம் பற்றிய எழுத்துகளில் நெடுங்காலமாக நிலைபெற்றிருக்கிறது. சூரியன் தென்கோடியிலிருந்து திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. மகர சங்கராந்தி விழுவது ஜனவரி 14 அல்லது 15. அயனத்தைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்குமாறு ஆறாம் நூற்றாண்டிலேயே வராகமிகிரர் விதித்திருந்தும், நாம் அவரைக் கைவிட்டு 24 நாள் பிந்தி விழா எடுக்கிறோம் என்று அவ்வாதம் முடியும். அதன் வானியலில் எனக்கு மறுப்பில்லை. வராகமிகிரரைச் சாட்சிக்கு அழைப்பதில்தான் மறுப்பு.

சாட்சியாகக் காட்டப்படுவது அவருடைய பிருகத் சம்ஹிதையின் மூன்றாம் அத்தியாயமான ஆதித்திய சாரத்தின் தொடக்கம். முதல் செய்யுள், ஆயிலியத்தின் நடுவில் தட்சிணாயனமும் அவிட்டத்தின் தொடக்கத்தில் உத்தராயணமும் நிகழ்ந்த ஒரு காலம் இருந்திருக்க வேண்டும், முந்தைய சாத்திரங்கள் அப்படிச் சொல்கின்றன என்கிறது. இரண்டாவது, இப்போது அவை கடகத்தின் தொடக்கத்திலும் மகரத்தின் தொடக்கத்திலும் நிகழ்கின்றன என்றும், சொன்னபடி நிகழாவிட்டால் அது விகாரம், நேரில் சோதித்து அறிக என்றும் கூறுகிறது. சோதிக்கும் வழியை மூன்றாவது தருகிறது: உதயத்திலோ அத்தமனத்திலோ தொலைவிலுள்ள ஓர் அடையாளத்தோடு சூரியனைப் பொருத்திப் பார்ப்பது, அல்லது பெரிய வட்டமொன்றில் சங்கு என்னும் செங்குத்துக் கோலின் நிழல் நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் குறித்துப் பார்ப்பது.

சீர்திருத்த வாதம் இந்த மூன்றோடு நின்றுவிடுகிறது. நின்ற இடம்தான் சிக்கல். நான்காம் செய்யுளில், மகரத்தை எட்டுமுன்பே சூரியன் திரும்பினால் மேற்கும் தெற்கும் அழியும், கடகத்தை எட்டுமுன்பே திரும்பினால் வடக்கும் கிழக்கும் அழியும் என்று பலன் சொல்லப்படுகிறது. ஐந்தாவது, எல்லையைக் கடந்து சென்று திரும்பினால் நலமும் விளைச்சலும் பெருகும் என்கிறது. ஐந்தையும் ஒருசேரப் படிப்பவர்க்கு, நடுவிலுள்ள சோதனை எதற்காக வைக்கப்பட்டது என்பதில் ஐயம் எழாது. விழா நாளைத் திருத்துவதற்கு அன்று. உற்பாதம் நேர்ந்திருக்கிறதா என்று அறிவதற்கு. அரசனுக்குப் பலன் சொல்லும் நூலில் இது இயல்பான இடம்.

பத்தாம் நூற்றாண்டு உரைகாரர் பட்டோத்பலர் இவ்விடத்தில் முந்தைய சாத்திரக்காரரான கர்க்கரை மேற்கோள் காட்டுவது இவ்வாசிப்பை மேலும் உறுதிப்படுத்துகிறது. உத்தராயணத்தில் அவிட்டத்தையும் தட்சிணாயனத்தில் ஆயிலியத்தையும் எட்டாமல் சூரியன் திரும்பினால் பெரும் அச்சம் விளையும் என்பது கர்க்கர் கூற்று. அதே எச்சரிக்கைதான் வராகமிகிரரிடமும் இருக்கிறது. அவிட்டம் இருந்த இடத்தில் மகரம் வந்து அமர்ந்திருக்கிறது, அவ்வளவே. எல்லைக்கல் நகர்ந்துவிட்டதை உணர்ந்து அதைப் புதிய இடத்தில் நட்டவர், அந்தக் கல் மீண்டும் நகரும் என்று எங்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால் நான்காம் செய்யுளுக்குப் பொருளே இருந்திராது: இன்று சூரியன் ஒவ்வோர் ஆண்டும் மகரத்தை எட்டாமல், தனுசில் மூல நட்சத்திரத்தில் நிற்கும்போதே திரும்பிவிடுகிறது. அவர் சொற்படி மேற்கும் தெற்கும் ஆண்டுதோறும் அழிந்துகொண்டிருக்க வேண்டும்.

அவர் விதித்த சோதனையின் நுட்பத்தையும் எடைபோட வேண்டும். உச்சயினியின் அட்சரேகையில் 12 அங்குலச் சங்கு ஒன்றை நட்டால், சூரியன் தென்கோடியில் நிற்கும் நாளின் நண்பகல் நிழல் ஏறத்தாழ 12.7 அங்குலம். 24 நாள் கழித்து அது 11.8 அங்குலமாகக் குறையும். இந்த வித்தியாசத்தைச் சிறுவனும் காண்பான். ஆனால் மூன்று நாள் முன்பின் என்றால் நிழல் மாறும் அளவு ஓர் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. திரும்பும் தறுவாயில் சூரியனின் வட-தென் நகர்வு அத்தனை மந்தமானது. அந்நாளுக்கு முன்னும் பின்னும் பல நாள் இடைவெளியில் நிழல் சமமாக விழும் இரு நாட்களைக் கண்டு, நடுநாளைக் கொள்வதே நம்பத்தக்க வழி; செய்யுள் அதைச் சொல்லவில்லை. வட்டம் பெரியதாக இருக்கட்டும் என்று அவர் கேட்பதிலிருந்து இத்தொல்லையை அவர் ஓரளவு அறிந்திருந்தார் என ஊகிக்கலாம். ஆக, பழைய நூல்களுக்கும் தம் காலத்துக்கும் இடையே திரண்டிருந்த 23 பாகைக்கு மேற்பட்ட விலகல் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. தம் வாழ்நாளில் ஒரு பாகைகூட நகராத அயனத்தின் நகர்ச்சி தெரிய வழியில்லை. அவர் கண்ட விலகலும் அவருக்குப் பின் இன்றுவரை சேர்ந்துள்ள விலகலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பது, இரண்டையும் அவர் அறிந்திருந்தார் என்னும் மயக்கத்தை வாசகருக்குத் தந்திருக்கலாம்.

வராகமிகிரரின் மற்றொரு நூலான பஞ்சசித்தாந்திகையில் உற்பாதப் பேச்சே இல்லாமல் இதே செய்தி வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது. ஆயிலிய நடுவில் திரும்பிய காலத்தில் அந்த அயனம் பொருந்தியிருந்தது, இப்போது புனர்பூசத்தில் என்கிறார். அங்கும் இரு நிலைகள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போன வேகமோ திசையோ இல்லை. வேகம் சொல்லாதவரிடமிருந்து நமக்கான விழாத் தேதியைக் கணக்கிட்டு எடுக்க முடியாது. பொங்கல் உழவர் திருநாள், அதற்கும் அயனத்துக்கும் தொடர்பேயில்லை என்போர்க்கு இங்கே விரிவாக விடை சொல்லத் தேவையில்லை. ஒரே நாளில் இரண்டு பொருள் குடியிருப்பதை நம் ஊர்த் திருவிழா ஒவ்வொன்றும் காட்டும்.

அப்படியானால் அயனம் எப்போது ராசிப் பிரவேசத்தோடு பிணைந்தது? வராகமிகிரரின் காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன. பிணைப்பு என்றே அதை அவர் உணர்ந்திருக்க மாட்டார். தெரிவு பிந்தையோருடையது. அதைத் தமிழகச் சான்றுகளில் தெளிவாகக் காண்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் அபிடேகங்களுக்கான கொடைகளோடு உத்தரமயன சங்கராந்தி பேசப்படுகிறது. அக்காலத்தில் சூரியன் திரும்பும் நாளும் சங்கராந்தியும் ஒரு வாரமேனும் பிரிந்துவிட்டன. அயனத்தின் பெயர் சங்கராந்தியோடு சென்றது. குடந்தை சாரங்கபாணி கோயிலில் தை முதல் ஆனி வரை உத்தராயண வாசலும், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசலும் திறக்கின்றன. டிசம்பர் 22 அன்று அங்கே எந்தக் கதவும் அசைவதில்லை.

கோடை அயனத்தைப் பற்றிச் சீர்திருத்த எழுத்துகள் பெரும்பாலும் பேசுவதே இல்லை. இதை ஒரு குறையாகவே கருதுகிறேன். ஜூன் 21-இல் நம்மிடம் விழா எதுவும் கிடையாது. ஆடி முதல் நாளில் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் வட்டாரங்களில் தேங்காய் சுடும் நோன்பு. இளந்தேங்காயின் கண்ணைத் துளைத்து அரிசியும் பருப்பும் வெல்லமும் எள்ளும் இட்டு, குச்சியில் செருகி, தெருவெல்லாம் தீ மூட்டிச் சுட்டுப் படைக்கிறார்கள். இவர்களையும் பிழை செய்தவர் பட்டியலில் சேர்க்க வேண்டுமானால், பிழை எங்கே நேர்ந்தது என்று ஒரு நூற்றாண்டையாவது சுட்டிக்காட்ட வேண்டும்.

மேகநாத சாகா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவே வானத்து அயனத்துக்கும் சமயச் சங்கராந்திக்கும் இடையிலான இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது என்பது கவனத்துக்குரியது. 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டியில் பௌஷம் டிசம்பர் 22-இல் பிறக்கிறது. குடிமைக் கணக்கில் அயனம் வானத்தோடு ஒத்துப்போகிறது. சமய விழாக்களுக்கான சூரிய மாதங்களை மட்டும் அக்குழு 23 பாகை 15 கலை என்னும் நிலையான அயனாம்சத்தில் நிறுத்தச் சொன்னது. சங்கராந்தி 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் மேலும் பிந்துவதைத் தடுக்கும் ஏற்பாடு அது. பஞ்சாங்கங்கள் அதை ஏற்கவில்லை.

இனிச் செய்ய வேண்டிய வேலை கல்வெட்டுகளில் இருக்கிறது. உத்தரமயனம், தட்சிணாயனம், சித்திரை விஷு, ஐப்பசி விஷு ஆகியவற்றைக் குறிக்கும் கொடைகளில் கிழமையும் நட்சத்திரமும் சேர்த்துப் பொறிக்கப்பட்டவற்றை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் நிழல்கொண்டு அறியும் அயனத்துக்கும் ராசிப் பிரவேசத்துக்கும் தனித்தனியே கணித்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கொடையாவது சூரியன் திரும்பிய நாளில் விழுந்தால் என் வாதத்தில் ஒரு பகுதியை நான் திருத்திக்கொள்வேன். அப்படி ஒன்று கிடைக்கும் என்று நான் நம்பவில்லை.