வெண்டைக்காய் அச்சு

நான் அங்கன்வாடி வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் மையத்துக்கு விளையாட்டுச் சாமான் என்று பெரிதாக எதுவும் வராது. வெண்டைக்காயைக் காம்போரம் நறுக்கி, குழைத்த மஞ்சளில் தோய்த்து, பழைய பேப்பரில் குத்தச் சொல்வேன். ஐந்து இதழ்ப் பூ விழும். மூன்று வயசுப் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? காகிதப்பூவை ஈர்க்குச்சியில் கோப்பது அடுத்த வேலை.

இதற்கெல்லாம் பூர்வீகம் உண்டு. ஜெர்மனியில் ஃபுரோபெல் 1837-இல் தொடங்கிய பள்ளியின் வழிமுறையில் காகித மடிப்பு, பட்டைப் பின்னல், அட்டையில் ஊசித்தையல் எல்லாம் இடம்பெற்றன. அந்த ஊசி வேலை மட்டும் எனக்கு ஒப்பாது. பிஞ்சு விரலுக்கு அது தண்டனை.

இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆனால் அவருடைய சாதனங்கள் வழுவழுப்பாக இழைத்த மரத்தில் செய்தவை. ஏழைக் கிராமம் அவற்றுக்கு எங்கே போகும்?

வழி கண்டவர் தாராபாய் மோடக். 1945-இல், அன்றைய பம்பாய் மாகாணத்தின் போர்டி கிராமத்தில் பாலர் பள்ளி தொடங்கினார். அனுதாய் வாக் துணை நின்றார். கூழாங்கல், கிளிஞ்சல், விதை, இலை இவையே சாதனங்கள். வராத பிள்ளைகளைத் தேடிப் பள்ளியே அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போனது. முப்பது ஆண்டு கழித்து, 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு 33 வட்டாரங்களில் அங்கன்வாடித் திட்டத்தைத் தொடங்கியது.

களிமண்ணில் புளியங்கொட்டை பதிக்கும் நாளில் மட்டும் எங்கள் மையத்து ஆயாம்மா பிள்ளைகள் பக்கத்தைவிட்டு நகரமாட்டார். மூக்கில் போட்டுக்கொள்ள எப்போதும் ஒருத்தன் இருப்பான்.