இருள் சூழுமுன் நடந்தது என்ன?

1965-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், மாலை மணி 5.16. கனடாவில் நயாகரா ஆற்றங்கரையிலுள்ள சர் ஆடம் பெக் மின்நிலையத்திலிருந்து வடக்கே செல்லும் ஐந்து 230 கிலோவோல்ட் மின்தொடர்களுள் ஒன்று திடீரெனத் துண்டிக்கப்பட்டது. அதன் சுமை மற்ற நான்கின்மேல் ஏறவே, அவையும் இரண்டரை வினாடிக்குள் விலகிக்கொண்டன. வழியிழந்த மின்திறன் நியூயார்க் பக்கம் திரும்பிப் பாய்ந்தது. சில நிமிடங்களில் ஏறத்தாழ 3 கோடி மக்கள் இருளில் மூழ்கினர்.

முதல் தொடரைத் துண்டித்தது எது? விடை காணச் சில நாள்கள் பிடித்தன. இடி விழவில்லை, கம்பி அறவில்லை. பாதுகாப்புக்கென வைத்த ஒரு ரிலேதான் காரணம். அதில் குறித்திருந்த எல்லை தாழ்வானது. அன்றைய சுமை அதைத் தாண்டிவிட்டது.

கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்வதைப் பின்னர் அறிவது எவ்வாறு? இதற்கு வழிகோலியவர் இங்கிலாந்து நாட்டு வில்லியம் டடெல். 1897-இல் அவர் அமைத்த அலைவரைவியில், வலிய காந்தத்தின் நடுவே மெல்லிய உலோக இழை ஒன்று வளைத்துக் கட்டப்பட்டிருக்கும். அதில் ஒரு சிறு கண்ணாடி ஒட்டியிருக்கும். இழையில் மின்னோட்டம் மாறும்போது கண்ணாடி திரும்பும். அதில் பட்டுத் தெறிக்கும் ஒளிக்கற்றை, ஓடும் படச்சுருளில் அலையை வரையும்.

மின்நிலையத்தில் இரவும் பகலும் படச்சுருளை ஓடவிட முடியுமா? ஆகவே, கோளாறு நேரும்போது மட்டும் கருவி தானே இயங்குமாறு செய்தனர். அதை இயக்கிவிடும் ஆணைக்கு 'டிரிக்கர்' என்று பெயர். துப்பாக்கியின் விசை போன்றது அது.

இங்கே இரண்டு சிக்கல்கள் எழுந்தன. எல்லையைத் தாழ்வாக வைத்தால், பெரிய மோட்டார் ஒன்று ஓடத் தொடங்கினாலும் சுருள் வீணாகும். உயர்வாக வைத்தால் உண்மையான கோளாறு நழுவிவிடும். இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. கோளாறு வந்த பிறகே கருவி விழிக்கிறது. கள்ளன் போனபின் எழுந்த காவலனைப் போல, தொடக்கத்தை அது காண்பதில்லை!

இலக்கமுறைப் பதிவிகள் இக்குறையைத் தீர்த்தன. இவை அலையை இடைவிடாது அளந்து நினைவகத்தில் எழுதுகின்றன. நிரம்பியதும் பழையதன்மேல் புதியதை எழுதுகின்றன. டிரிக்கர் வந்தால், அதற்கு முற்பட்ட அளவுகள் அழியாமல் காக்கப்படும்.

ஆயினும் 2003 ஆகஸ்டு 14-இல் வேறொரு குறை வெளிப்பட்டது. அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தனர். பதிவுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஆனால் பல கருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை. எது முன், எது பின் என்று தெரியாமல் எது காரணம், எது விளைவு என்று எப்படிச் சொல்வது? நேரங்களைப் பொருத்துவதே ஆய்வாளர்களுக்குப் பெரும்பாடாயிற்று. பதிவிகள் ஒரே நேரத்தைக் காட்டவேண்டும் என்று இருநாட்டுக் குழு பரிந்துரைத்தது.

2015-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற விதிகளில் இப்பாடங்களைக் காணலாம். கோளாறுப் பதிவி ஒவ்வோர் அலைக்கும் குறைந்தது 16 அளவுகள் எடுக்கவேண்டும். அங்கு அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். எனவே வினாடிக்கு 960 அளவுகள். டிரிக்கருக்கு முன் 2 அலைகளேனும் இருக்கவேண்டும். மொத்தம் 30 அலைகள், அதாவது அரை வினாடி. கடிகாரப் பிழை 2 மில்லி வினாடியைத் தாண்டக்கூடாது.

அரை வினாடி போதுமா? குறுக்குச்சுற்றை அறியப் போதும். ஆனால் வலையமைப்பு முழுவதும் ஊசலாடி நிலைகுலைய வினாடிகள், ஏன் நிமிடங்களும் ஆகலாம். அதைப் பிடிக்க மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் தொடர்ந்து பதியும் வேறு கருவிகள் உண்டு. இவற்றுள் டிரிக்கரால் இயங்கும் பழையவற்றிலும் ஒரு பதிவு 3 நிமிடமேனும் நீளவேண்டும்.

1965-இல் முதல் தொடர் விலகியபோது குறுக்குச்சுற்றே இல்லை என்பதை மறவாதீர்கள். மிகையான மின்னோட்டத்துக்கு மட்டும் காத்திருக்கும் கருவி அன்று உறங்கியே இருந்திருக்கும். வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பர். எதைக் கண்டால் விழிக்கவேண்டும் என்று கருவிக்கு முன்னரே சொல்லிவைப்பதும் அத்தகைய வேலைதான்.