பெரியப்பா கேட்ட கேள்வி

காவலூரில் எங்கள் தெருவில் ஒரு பெரியப்பா. புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, டியூப் எடுத்து, மலையேறி வந்து நாலு மாசம் ஆகிறது. திண்ணையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "ஒண்ணுக்குக் கசியறது குறைஞ்சிடுச்சுப்பா. இன்னொண்ணு... அது திரும்ப வருமா? டாக்டர்கிட்ட கேக்க வாய் வரல."

அன்னைக்கு ராத்திரி தேட உட்கார்ந்தேன். இந்தக் கேள்விக்குப் பதில் பிறந்ததே, வேறொருவர் டாக்டரிடம் வாய் திறந்ததால்தான்.

1904-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங், புற்றுநோய்க்காக இந்தச் சுரப்பியை முழுசாக எடுத்தார். அதற்கப்புறம் எழுபது வருஷத்துக்கு மேல், உயிர் பிழைத்தவர்களில் ஏறக்குறைய எல்லாருக்குமே விறைப்பு போனது. நரம்புகள் சுரப்பிக்குள்ளேயே ஓடுவதாக நினைத்ததால், அது தவிர்க்க முடியாத இழப்பு என்று விட்டுவிட்டார்கள்.

1977-இல் அதே மருத்துவமனையில் பாட்ரிக் வால்ஷ் அறுவை செய்த 58 வயதுக்காரர் ஒருவர், தன் தாம்பத்தியம் பழையபடியே இருப்பதாகச் சொன்னார். ஒருவருக்கு முடிந்தால் மற்றவருக்கு ஏன் முடியாது? வால்ஷை இந்தக் கேள்வி விடவில்லை. 1981-இல் நெதர்லாந்தின் லெய்டனில், ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டாங்கரைச் சந்தித்தார். பெரியவர்களின் உடலில் இந்த நரம்புகளைப் பிரித்துப் பார்ப்பது கடினம். அதனால் டாங்கர் இறந்து பிறந்த சிசுவின் உடலில் நரம்புகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் பார்த்தபோது, நரம்புகள் சுரப்பியின் உறைக்கு வெளியே ஓடின!

1982 ஏப்ரல் 26 அன்று, அந்த நரம்புகளைத் திட்டமிட்டே காப்பாற்றி, 52 வயதுக்காரர் ஒருவருக்கு வால்ஷ் அறுவை செய்தார். ஒரு வருஷத்துக்குள் அவருக்கு எல்லாம் திரும்பியது. பின்னாளில் புதுச்சேரி ஜிப்மரில் படித்த மணி மேனன், டெட்ராய்ட்டில் இதே அறுவையை ரோபோ கருவியால் செய்வதைப் பரவலாக்கினார்.

நரம்பை விட்டுவைத்தாலும், இழுபட்ட நரம்பு தேற ஒன்றரை, இரண்டு வருஷம்கூட ஆகலாம். புற்று நரம்பைத் தொட்டிருந்தால் அதையும் எடுத்தாக வேண்டும். கசிவுக்குப் பயன்படும் இடுப்புத்தளப் பயிற்சியை 1948-இல் ஆர்னால்டு கெகல் எழுதியது, பிரசவமான பெண்களுக்காக! 1998-இல் வந்த சில்டெனாஃபில் மாத்திரை, நரம்பு கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால்தான் வேலை செய்யும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. மாத்திரை பலிக்காதவர்களுக்கு ஊசியும் வெற்றிடப் பம்பும் உண்டு. விந்து இனி வராது. ஆனால் உச்ச சுகம் வரும்.

மறுநாள் பெரியப்பாவிடம் சொன்னேன்: "நாலு மாசம்தானே ஆச்சு, இப்பவே முடிவு பண்ணாதீங்க. நரம்பை விட்டாங்களான்னு ஆபரேஷன் குறிப்புல இருக்கும். அடுத்த தடவை போறப்ப கேளுங்க. பெரியம்மாவையும் கூட்டிட்டுப் போங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நீயே ஒரு சீட்டுல எழுதிக் குடு, நீட்டிடறேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன்.