லாக்கெட்டுக்குள் ஒரு முறையீடு

பன்னா சமஸ்தானத்து மகாராணி நோயில் படுத்தார். அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் கோஷாவில் இருப்பவரை ஆண் வைத்தியர் தொட்டுப் பார்ப்பதாவது! லக்னோவில் மிஷன் வைத்தியப் பணியில் இருந்த எலிசபெத் பீல்பியை வரவழைத்தார்கள். ராணி பிழைத்தார்.

1881-ல் பீல்பி இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது, ராணி ஒரு சேதி சொல்லி அனுப்பினார். நோய் வந்தால் இந்தியப் பெண்கள் படும் பாட்டை விக்டோரியா மகாராணி அறிய வேண்டும். அதைச் சின்னதாக எழுதி, லாக்கெட்டில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், நேரிலேயே கொடுக்க வேண்டும். பீல்பி அப்படியே கொடுத்தார்.

1884-ல் டஃபரின் பிரபு இந்தியாவுக்கு வைஸ்ராயாகப் புறப்பட்டார். விக்டோரியா இந்தக் காரியத்தை ஒப்படைத்தது அவருடைய மனைவி ஹாரியட்டிடம். அயர்லாந்துக்காரர், 19 வயதில் கல்யாணம். கனடா, ரஷ்யா, துருக்கி என்று கணவர் பதவி வகித்த ஊர்களிலெல்லாம் விருந்தும் உபசாரமும் நடத்திப் பழகியவர். அந்தப் பழக்கமே இங்கே வசூலுக்குக் கைகொடுத்தது.

1885 ஆகஸ்டில் ‘லேடி டஃபரின் நிதி’ பிறந்தது. பெண்களுக்கு மருத்துவப் படிப்பு, பெண்களுக்கென்று ஆஸ்பத்திரி, பயிற்சி பெற்ற நர்ஸ்களும் மருத்துவச்சிகளும் என மூன்று வேலைகள். வைஸ்ராய் சீமாட்டி கேட்டால் எந்த மகாராஜா இல்லை என்பார்? சமஸ்தானங்களும் செல்வந்தர்களும் அள்ளிக் கொடுத்தார்கள். கராச்சியில் எடுல்ஜி டின்ஷா என்ற பார்சி வள்ளல் லேடி டஃபரின் பெயரிலேயே ஆஸ்பத்திரி கட்டினார்.

சென்னை இதில் முந்திக்கொண்டது. 1875-லேயே இங்குள்ள மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்தது. அவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப்பின் முயற்சியில் 1885-ல் தொடங்கியதுதான், திருவல்லிக்கேணியில் இன்றும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று வழங்கும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை.

குறையும் இருந்தது. நிதியின் ஆஸ்பத்திரிகளில் மேல் பதவிகள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்களுக்கே போயின. ஆனாலும் 1888-ல் கல்கத்தாவின் லேடி டஃபரின் ஆஸ்பத்திரியில் காதம்பினி கங்குலி என்ற பெண் டாக்டர் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 300 ரூபாய். அந்தக் காலத்தில் பெரிய தொகை. வங்காளத்துப் பெண் ஒருவர் ஸ்டெதஸ்கோப்போடு வார்டுக்குள் நுழைந்தது சின்ன விஷயமில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் டஃபரின் தம்பதி இந்தியாவை விட்டுக் கிளம்பினார்கள். 1936-ல் ஹாரியட் காலமானார். கொல்கத்தாவில் அந்த ஆஸ்பத்திரி அவர் பெயரோடு இன்றும் இயங்குகிறது.